குரோஷியாவில் ஒரு நதிமூலம்: குடும்பப் பெயரும் கோயில் பதிவேடும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. பார்த்தால் ஏதாவது வில்லங்கம் கிளம்பும் என்ற முன்னெச்சரிக்கைதான். ஆனால் உலகத்தில் ஒரு கூட்டம் இந்தப் பழமொழியைக் கேட்காமல் ராத்திரி பகலாக நதிமூலம் தேடிக்கொண்டிருக்கிறது. அதில் குரோஷியாவிலிருந்து கிளம்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு.

குரோஷியா என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கால்பந்துச் சட்டை. 2021 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 38.7 லட்சம்தான். ஆனால் அங்கிருந்து போனவர்களின் வம்சம் அமெரிக்கா, சிலி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எங்கெங்கோ பரவிக் கிடக்கிறது. 2022ல் சிலியின் அதிபராகப் பதவியேற்ற கேப்ரியல் போரிச்சின் முன்னோர், ஜாதர் நகரத்துக்கு எதிரே இருக்கும் உக்லியான் என்ற தீவிலிருந்து போனவர்கள். நடிகர் எரிக் பானாவின் இயற்பெயர் பானாடினோவிச். அமெரிக்க பேஸ்பால் வீரர் ரோஜர் மாரிஸின் குடும்பப் பெயர் முதலில் மாராஸ்.

ஏன் போனார்கள்?

வணிகவியல் மாணவர்களுக்குப் பிடித்த பதில்தான்: பொருளாதாரம். அட்ரியாடிக் கடலோரம் இருக்கும் டால்மேஷியா பகுதி திராட்சையையும் ஒயினையும் நம்பி வாழ்ந்தது. பிரான்சில் ஃபைலோக்செரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது டால்மேஷிய ஒயினுக்கு நல்ல விலை கிடைத்தது. எல்லோரும் கொடி நட்டார்கள். பிறகு ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலியோடு 1891ல் ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டது. இத்தாலிய ஒயின் குறைந்த சுங்கவரியில் உள்ளே வந்தது. விலை விழுந்தது. அது போதாதென்று 1890களில் அதே பூச்சி டால்மேஷியாவுக்கும் வந்து சேர்ந்தது. பாய்மரக் கப்பல் தொழிலையும் நீராவிக் கப்பல் விழுங்கிவிட்டது. ஒரே தலைமுறையில் மூன்று அடி!

பிராச் தீவிலிருந்து சிலிக்குப் போனார்கள். மகார்ஸ்கா கடலோரத்திலிருந்து நியூசிலாந்துக்குப் போய் மண்ணைத் தோண்டி கவுரி மரத்தின் பிசினை எடுத்தார்கள். உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து பிட்ஸ்பர்க் இரும்பாலைகளுக்கும் மிச்சிகன் செம்புச் சுரங்கங்களுக்கும் போனார்கள். பலர் நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தேடுகிறார்கள்.

கையில் என்ன இருக்கிறது?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பிட்ஸ்பர்க்கில் ஒரு பேத்தி. அவரிடம் இருப்பது கொள்ளுத்தாத்தாவின் பெயர் "ஜோ யூரிச்", ஒரு மங்கிய புகைப்படம், "அவர் ஆஸ்திரியாக்காரர்" என்று பாட்டி சொன்ன ஒரு வாக்கியம். அவ்வளவுதான். இதை வைத்து ஒரு கிராமத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முதல் சிக்கல் "ஆஸ்திரியா". 1918 வரை குரோஷியா என்று தனி நாடு இல்லை. டால்மேஷியாவும் இஸ்ட்ரியாவும் வியன்னாவின் கீழ். ஜாக்ரெப் உள்ளிட்ட குரோஷியா-ஸ்லாவோனியா புடாபெஸ்டின் கீழ். ரியேகா துறைமுகம் நேரடியாக ஹங்கேரியோடு. ஆகவே ஒரே மொழி பேசியவர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒருவர் ஆஸ்திரியர் என்றும் இன்னொருவர் ஹங்கேரியர் என்றும் பதிவானார்கள். 1899க்குப் பிறகு அமெரிக்கக் குடியேற்றத் துறை இனவாரியாகவும் எழுத ஆரம்பித்தது. அதில் "குரோஷியர், ஸ்லோவேனியர்" ஒரு பிரிவு, "டால்மேஷியர், போஸ்னியர், ஹெர்சகோவினியர்" இன்னொரு பிரிவு. பாட்டி சொன்ன "ஆஸ்திரியா" பொய்யில்லை. அது தேசத்தின் பெயர், ஊரின் பெயரல்ல.

ஊர்ப் பெயரும் சும்மா விடாது. பழைய காகிதத்தில் ஃபியூமே என்றிருந்தால் அது ரியேகா. ஸாரா என்றால் ஜாதர். ஸ்பலாட்டோ என்றால் ஸ்ப்ளிட். ரகூசா என்றால் துப்ரோவ்னிக். ஆக்ரம் என்றால் ஜாக்ரெப். ஜாதரில் 1890ல் பிறந்த ஒருவர் வீட்டை விட்டு நகராமலே ஆஸ்திரியாவில் பிறந்து, 1920 ரபல்லோ ஒப்பந்தத்தால் இத்தாலிக்குப் போய், இரண்டாம் உலகப்போருக்குப் பின் யுகோஸ்லாவியாவில் இறந்திருக்கலாம். அவர் மகள் அதே தெருவில் உட்கார்ந்தபடி 1991ல் குரோஷியக் குடிமகள் ஆகியிருப்பார்.

பெயரில் எல்லாமே இருக்கிறது

குரோஷியக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை "இச்" என்று முடியும். "இன்னாருடைய பிள்ளை" அல்லது "சின்ன இன்னார்" என்பது மாதிரி பொருள். யூரே என்றால் ஜார்ஜ். யூரிச் அவர் வழி வந்தவர். கோவாச் என்றால் கொல்லர்; அதிலிருந்து கோவாசெவிச், கோவாச்சிச். லோன்சார் என்றால் குயவர். நோவாக் என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவர். பாபிச் என்ற பெயருக்கு மூலம் "பாபா", அதாவது கிழவி, பாட்டி. எந்தப் பாட்டியோ அவ்வளவு பெயர் பெற்றவராக இருந்திருக்கிறார்!

நாட்டிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் ஹோர்வாத். பொருள் என்ன தெரியுமா? "குரோஷியன்". குரோஷியாவிலேயே ஒருவரைக் குரோஷியன் என்று ஏன் கூப்பிட வேண்டும்? துருக்கியப் படையெடுப்பு நடந்த காலத்தில் தெற்கிலிருந்து தப்பி வடக்கே, ஹங்கேரி எல்லைப்பக்கம் போய்ச் சேர்ந்தவர்களை அங்கிருந்தவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். அகதி என்ற அடையாளமே பெயராக ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் இன்றும் வடக்கில்தான் அதிகம்.

இப்படி ஒரு பெயர் எந்த வட்டாரத்தில் அடர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் தேடும் பரப்பு சுருங்கும். அதற்கு ஒரு அருமையான புத்தகம் இருக்கிறது. 1976ல் வெளிவந்த குடும்பப் பெயர் அகராதி, "லெக்ஸிக் பிரெசிமேனா". 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, எந்தப் பெயர் எந்த ஊரில் இருந்தது என்று பட்டியல் போட்டது. வாலென்டின் புடானெட்ஸ், பேடர் ஷிமுனோவிச் இருவரும் பதிப்பித்தார்கள். பிறகு 2001 கணக்கெடுப்பை வைத்து "ஹர்வாட்ஸ்கி பிரெசிமெனிக்" 2008ல் வந்தது. இரண்டில் பழையதற்குத்தான் தேடுபவர்களிடம் மவுசு. காரணம், கிராமத்து ஜனங்கள் பிழைப்புக்காக நகரங்களுக்குப் பெருமளவில் நகர்வதற்கு முந்தைய நிலவரம் அதில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் யூரிச் மாதிரி சாதாரணப் பெயருக்கு இது போதாது. நாடு முழுக்க யூரிச் உண்டு. அபூர்வமான பெயர் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. "இச்" விகுதியின் கடைசி எழுத்து, தலையில் ஒரு சின்னக் கோடு போட்ட "சி". அந்தக் கோடு கடல் தாண்டும்போது விழுந்துவிடும். சிலியில் போரிச் என்ற பெயர் கோடில்லாமல்தான் எழுதப்படுகிறது. அமெரிக்காவில் "சி"யோடு "எச்" சேர்த்துக்கொண்டார்கள். குரோஷிய மொழியில் "ஜே" எழுத்துக்கு "ய" உச்சரிப்பு; அதனால் "ஜே"யில் ஆரம்பிக்கும் யூரிச், அமெரிக்காவில் "ஒய்" எழுத்தில் ஆரம்பித்தது. பழைய இத்தாலியப் பதிவில் கோவாச்சிச் "சி"யில் தொடங்கும். இன்றைய குரோஷிய எழுத்தில் "கே"யில் தொடங்கும். லியுதேவித் காய் 1830ல் எழுத்துச் சீர்திருத்தத்தை முன்வைப்பதற்கு முன்பு, வட்டாரத்துக்கு ஒரு வழக்கம், பாதிரியாருக்கு ஒரு கைவண்ணம். ஒரே ஆளின் பெயர் மூன்று பதிவில் மூன்று விதமாக இருக்கும்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் கதை சொல்வார்கள். அது கட்டுக்கதை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. எல்லிஸ் தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் பின்னால், வேலையிடத்திலும் பள்ளிக்கூடத்திலும், வந்தவர்களே செய்ததுதான்.

விருப்பமில்லாமல் பெயர் பறிக்கப்பட்ட இடம் ஒன்று நிஜமாகவே உண்டு. அது இஸ்ட்ரியாவும் ஜாதரும். முசோலினி ஆட்சியில் 1927ல் வந்த ஆணைப்படி ஸ்லாவியக் குடும்பப் பெயர்கள் இத்தாலிய வடிவத்துக்கு மாற்றப்பட்டன. "தண்ணீர் குடிப்பவன்" என்று பொருள்படும் வோடோபிவெட்ஸ் என்ற பெயர், அதே பொருளில் பெவிலாக்வா ஆனது. சில பெயர்களுக்கு மொழிபெயர்ப்பு, சிலவற்றுக்கு வாலை மட்டும் வெட்டல். அந்தப் பகுதியில் தேடும் பேரன் அரசாங்க ஆணைக்கு முந்தைய பெயரைக் கண்டுபிடிக்காவிட்டால், ஒரு தலைமுறைக்கு மேல் நகரவே முடியாது.

அமெரிக்கக் காகிதங்கள் முதலில்

புதிதாகத் தேடுபவர் நேராகக் குரோஷிய ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் போடத் துடிப்பார். பலனிருக்காது. கிராமத்தின் பெயர் தெரியாமல் அங்கே ஒன்றும் நகராது. அதைக் குடியேறிய நாட்டின் காகிதங்களில்தான் பிடிக்க வேண்டும்.

எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை இயங்கியது. சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாக வந்தார்கள். அந்தப் பதிவுகள் 2001ல் இணையத்தில் ஏறின. 1907க்குப் பிந்தைய பட்டியல் கிடைத்தால் யோகம்தான். அதில் பிறந்த ஊருக்கு ஒரு கட்டம், சொந்த ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயர், முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கும். உதாரணப் பேத்தியின் கொள்ளுத்தாத்தா 1909ல் வந்திருந்தால், "மனைவி, இன்ன ஊர்" என்று ஒரே வரியில் பாதி விடை கிடைத்துவிடும். (டைட்டானிக் பயணிகளைக் காப்பாற்றிய கார்பாத்தியா கப்பல், 1912 ஏப்ரலில் அந்தப் பயணத்தில் நியூயார்க்கிலிருந்து ஃபியூமே நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. குடியேறிகளை ஏற்றி வந்த தடம் அது.)

அடுத்து, 1906 சட்டத்துக்குப் பிந்தைய அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம். பிறந்த தேதி, ஊர், வந்த கப்பல் எல்லாம் இருக்கும். 1917ல் நடந்த முதல் ராணுவப் பதிவு அட்டையிலும் பிறந்த ஊர் உண்டு. பிறகு சங்கங்களின் காப்பீட்டுத் தாள்கள். 1894ல் பிட்ஸ்பர்க் பகுதியில் தொடங்கிய குரோஷிய சகோதர சங்கத்தின் முக்கிய வேலையே, சுரங்கத்திலும் உலையிலும் செத்துப்போகிறவர்களின் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதுதான். அந்த வேலைக்கு வேறு யாரும் நியாயமான பிரீமியத்தில் காப்பீடு கொடுக்க முன்வராத காலம் அது. காப்பீடு என்றால் வாரிசுதாரர் பெயர் வேண்டுமே! அந்த ஒரு கட்டத்தில், கடலுக்கு அப்பால் காத்திருந்த ஒரு மனைவியின் அல்லது தாயின் பெயர் கிடைக்கும்.

கோயில் பேரேடு

ஊர் கிடைத்துவிட்டது. இனிமேல்தான் குரோஷியா. கத்தோலிக்கத் திருச்சபை 1563ல் டிரெண்ட் சங்கத்தில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. 1614ல் இறப்புப் பதிவும் சேர்ந்தது. இஸ்ட்ரியாவின் உமாக் ஊரில் அதற்கும் முன்பே எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது; 1483ல் தொடங்குகிறது. குரோஷியாவில் கிடைத்தவற்றில் பழையது அதுதான். ஆனால் துருக்கியர் ஆண்ட உட்பகுதிகளில் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு, சில இடங்களில் 18ஆம் நூற்றாண்டுக்கு மேல்தான் ஏடுகள் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் இருட்டு.

மொழி? லத்தீன், இத்தாலியம், ஹங்கேரியம், ஜெர்மன், குரோஷியம். இஸ்ட்ரியாவிலும் தீவுகளிலும் சில ஏடுகள் கிளகோலிடிக் என்ற பழைய ஸ்லாவிய எழுத்தில் இருக்கும். அதில் எண்களைக்கூட எழுத்துகளால்தான் எழுதுவார்கள். ஜோ யூரிச், லத்தீன் ஏட்டில் யோசெஃபுஸ், இத்தாலியத்தில் ஜுசெப்பே, குரோஷியத்தில் யோசிப், வீட்டில் செல்லமாக பேபோ. நாலும் ஒரே ஆள்.

தேதியில் ஒரு பொறி உண்டு. லத்தீன் ஏட்டில் மாதத்தைச் சுருக்கி 7 என்ற எண்ணோடு "பிரிஸ்" என்று எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். செப்டம் என்றால் லத்தீனில் ஏழு. அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். செர்பிய ஆர்த்தடாக்ஸ் ஏடுகளில் ஜூலியன் நாள்காட்டி. 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசம், 20ஆம் நூற்றாண்டில் 13.

அதைவிடப் பெரிய பொறி, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது. பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். 1884ல் ஒரு யோசிப், 1887ல் அதே தாய் தகப்பனுக்கு இன்னொரு யோசிப். முதல் பதிவைக் கண்டதும் கூத்தாடிவிட்டு நிறுத்தினால், ஒரு வயதில் இறந்துபோன குழந்தையைக் கொள்ளுத்தாத்தா என்று நம்ப வேண்டியதுதான். சில கிராமங்களில் ஊரில் பாதிப்பேருக்கு ஒரே குடும்பப் பெயர் வேறு. அதற்காகவே வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் உண்டு.

கணக்குப்பதிவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பதிவை மட்டும் நம்பக்கூடாது, எதிர்ப்பதிவு வேண்டும். ஞானஸ்நானத்தை இறப்பு ஏட்டோடு, திருமணத்தோடு, தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு, வீட்டு எண்ணோடு, ஞானப்பெற்றோர் பெயரோடு ஒப்பிட வேண்டும். குடும்பம் குடும்பமாக ஆட்களை எழுதிவைத்த "ஸ்டாட்டுஸ் அனிமாரும்" என்ற ஏடு சில பங்குகளில் கிடைக்கும். அது கிடைத்தால் ஐந்தொகையே கிடைத்த மாதிரி! மொத்தக் குடும்பமும் ஒரே பக்கத்தில்.

இந்த ஏடுகள் இன்று ஓரிடத்தில் இல்லை. 1946ல் யுகோஸ்லாவிய அரசு பிறப்பு இறப்புப் பதிவைத் தன் கையில் எடுத்தபோது கோயில் ஏடுகளும் அரசு அலுவலகங்களுக்குப் போயின. பழையவை பிறகு ஜாக்ரெப், ஜாதர், ஸ்ப்ளிட், ரியேகா, பாசின் முதலிய ஊர்களின் ஆவணக் காப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சில இன்னும் பங்குக் கோயில்களில். மார்மன் சபையின் ஃபேமிலிசர்ச் எடுத்த நுண்படங்களால் பெரும் பகுதி இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. ஆனால் பெயரைத் தட்டினால் எல்லாம் வந்து விழாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

எதற்கு இந்தப் பாடு?

சிலருக்கு நேரடிப் பலன் உண்டு. குரோஷியா 2013ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, குடிபெயர்ந்தவரின் நேர் வாரிசுகள் எத்தனை தலைமுறை தாண்டியிருந்தாலும் குடியுரிமை கேட்கலாம்; மொழித் தேர்வும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் காகிதம் வேண்டும். ஜோவும் யோசிப்பும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டும். "ஆஸ்திரியாக்காரர்" என்ற பாட்டியின் வாக்கியத்துக்கு அங்கே மதிப்பில்லை.

ஆனால் காகிதத்துக்காகத் தேட ஆரம்பித்தவர்கள் வேறு எதையோ கண்டுவிட்டு நிற்பதும் உண்டு. அமெரிக்காவில் கொள்ளுத்தாத்தா கல்யாணம் செய்துகொண்ட தேதிக்குப் பத்து வருடம் முன்பே, கிராமத்து ஏட்டில் அவருக்கு ஒரு கல்யாணம் இருக்கலாம். கப்பல் பட்டியலில் எழுதிய "மனைவி" அந்த முதல் மனைவியாக இருக்கலாம். கடல் தாண்டிப் போன புருஷனிடமிருந்து முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது என்று கிடந்த பெண்கள் அந்தக் கடலோரத்தில் ஏராளம். பிட்ஸ்பர்க் பேத்திக்கு ஒரு கொள்ளுப்பாட்டியைத்தான் தெரியும். ஏடு இரண்டு பேரைக் காட்டும். முதல் மனைவியின் பிள்ளைகளின் வம்சம் இன்னும் அதே வீட்டு எண்ணில் இருக்கலாம். அவர்கள் வீட்டில் அந்த ஆளைப் பற்றி என்ன கதை சொல்லியிருப்பார்கள்?

சில தேடல்கள் முழுச் சுவரில் முட்டி நிற்கும். தகப்பன் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அல்லது குழந்தையே அனாதை விடுதியில் விடப்பட்டதாக இருக்கும். துப்ரோவ்னிக்கில் 1432லேயே, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார்கள். அப்படி வந்த குழந்தைக்குப் பெயர்கூட ஊரார் கொடுத்ததுதான். அதற்கு மேல் எந்தக் காப்பகத்திலும் ஒரு வரி இருக்காது. ஆனாலும் யாரோ ஒரு பாதிரியார் அந்தக் குழந்தையின் பெயரை ஒரு வரியில் எழுதி வைத்தார் என்பதே பெரிய விஷயம். அந்த வரி இருப்பதால்தான் ஒரு ஆள் இருந்தது தெரிகிறது.

தேடுபவர்கள் பலரும் கடைசியில் சொல்லும் வருத்தம் ஒன்றுதான். ஏடுகள் எங்கேயும் ஓடிவிடாது; நானூறு வருடம் இருந்தவை இன்னும் இருக்கும். நுண்படத்திலும் பிரதி உண்டு. ஆனால் எந்த ஏட்டிலும் இல்லாத அந்த வீட்டுப் பட்டப்பெயர், அந்த ஊரை வீட்டில் எப்படி உச்சரித்தார்கள் என்ற சத்தம், மங்கிய புகைப்படத்தில் இடது ஓரம் நிற்பவர் யார் என்ற விவரம், இதெல்லாம் ஒரே ஒரு பாட்டியின் தலைக்குள் இருக்கும். அவரிடம் கேட்க ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணி நேரம் போதும். காப்பகத்தைவிட அவருக்குத்தான் அவசரம்.